அம்மாவை இழுத்துக்கொண்டு ஓடிய நாய்கள்

எட்டு வயதிலேயே எனக்கு வீட்டுக்குள் ஓர் உத்தியோகம் கிடைத்துவிட்டது. ஸ்பிரிங்வேல் கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்த எங்கள் வீட்டில் அப்பாவும் அம்மாவும் நேருக்கு நேர் கதைப்பதை நிறுத்தியிருந்தார்கள். காரணத்தை எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. குசினிக்குள் நின்று அம்மா, "அப்பாட்டைச் சொல்லு, சாப்பாடு மேசையில இருக்கெண்டு" என்பார். அப்பா கைக்கெட்டும் தூரத்தில் கதிரையில்தான் இருப்பார். நான் ஓடிப்போய்ச் செய்தியைச் சேர்த்து, பதிலையும் வாங்கி வருவேன். சில வேளைகளில் என் பங்குக்கு ஒரு 'தயவுசெய்து' சேர்த்துவிடுவதும் உண்டு. நான் இல்லாவிட்டால் அந்த வீடு நடக்காது என்ற நினைப்பு எனக்கு.

அந்தக் குளிர்காலத்தில் அப்பா திடீரென்று பனிமலைக்குப் போவோம் என்றார். அங்கே நாய்கள் வண்டி இழுக்குமாம். தெருவில் ஒரு குட்டி நாயைக் கண்டாலே எதிர்ப்பக்கம் மாறி நடக்கிறவர் அம்மா.

"அப்பாட்டைச் சொல்லு, நான் வரேல்லையெண்டு."

"அம்மாட்டைச் சொல்லு, இந்த ஒருக்காத்தானெண்டு."

இதற்கும் என் 'தயவுசெய்து'வைப் போட்டுக்கொண்டு போனேன். அம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஓம் என்றார்.

புறப்படுவதற்கு முதல் நாள் அம்மாவின் அறையில் பெரிய சூட்கேஸ் திறந்து கிடந்தது. என் பள்ளிச் சீருடைகூட அதற்குள் மடித்து இருந்தது. பனிக்கு எதற்குச் சீருடை என்று கேட்டேன்.

"இது பனிக்கில்லை. அதுக்குப் பிறகு சிட்னிக்கு, பெரியம்மா வீட்டை. இதை அப்பாட்டைச் சொல்ல வேண்டாம்."

சொல்ல வேண்டாம் என்று எனக்கு வந்த முதல் செய்தி அதுதான். ஒரே மாதத்தில் இரண்டு பயணம் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. வாயை இறுக்கி மூடிக்கொண்டேன்.

மலையில் நாங்கள் போய் இறங்கியபோது வண்டியில் பூட்டிய ஹஸ்கி நாய்கள் துள்ளித் துள்ளி ஊளையிட்டுக்கொண்டிருந்தன. பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. வண்டியோட்டும் பெண் ஓர் இரும்புக் கொளுக்கியைப் பனிக்குள் குத்தி, அதை மிதித்தபடி நின்றாள். அந்தக் கொளுக்கிதான் வண்டிக்குப் பிரேக். முதல் சுற்றில் அம்மாவும் அவர் மடியில் நானும், அடுத்த சுற்றில் அப்பா என்று ஏற்பாடு. அம்மா கண்ணை மூடிக்கொண்டு ஏறிப் போர்வைக்குள் ஒடுங்கினார். நான் காலைத் தூக்கி வைக்கப் போகும்போது அப்பா கூப்பிட்டார்.

"அம்மாட்டைச் சொல்லு, தொப்பியைக் காது மூட இழுத்துவிடச் சொல்லி."

சொன்னேன். "அப்பாட்டைச் சொல்லு, எனக்குத் தெரியுமெண்டு." அதையும் கொண்டுபோனேன். "அம்மாட்டைச் சொல்லு, கம்பியை இறுக்கிப் பிடிக்கச் சொல்லி." திரும்பி ஓடி வந்தேன். இவர்கள் இரண்டு பேருக்கும் வெவ்வேறு மொழியா என்று அந்தப் பெண் ஆங்கிலத்தில் என்னிடம் கேட்டாள். ஒரே மொழிதான், ஆனால் கதைப்பது நான்தான் என்று பெருமையோடு சொன்னேன். அம்மாவின் அடுத்த பதிலோடு நான் மறுபடியும் அப்பாவிடம் கிளம்ப, அவளுக்குப் பொறுமை போய்விட்டது. என்னைத் தூக்கி வண்டியில் வைக்கலாம் என்று கொளுக்கியிலிருந்து காலை எடுத்து என் பக்கம் வந்தாள்.

ஊளை சட்டென்று நின்றது. ஓடத் தொடங்கினால் அந்த நாய்கள் சத்தம் போடாதாம், பிறகுதான் தெரிந்தது. நான் திரும்பிப் பார்த்தபோது வண்டி இருந்த இடத்தில் வண்டி இல்லை. தூரத்தில், மரங்களுக்கு நடுவே பாதை வளைகிற இடத்தில், அம்மாவின் சிவப்புத் தொப்பி ஒரு கணம் தெரிந்தது. பிறகு அதுவும் இல்லை. எனக்கு அழுகைகூட வரவில்லை. வாயைத் திறந்தபடி நின்றேன். கையில் ஒரு செய்தி மிச்சம் இருந்தது, அது என்னவென்று மறந்துபோனது.

அப்பாதான் கத்தினார். பள்ளிக் கடிதங்களில் இருக்கும் அம்மாவின் நீளமான பெயர் அல்ல, அதன் வாலை வெட்டிய ஒரு சின்னப் பெயர். அப்படி ஒரு பெயர் இருப்பதே எனக்குத் தெரியாது. யாரைக் கூப்பிடுகிறார் என்றுகூட முதலில் விளங்கவில்லை. அந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லி முழங்கால் புதையும் பனியில் ஓடினார், விழுந்தார், எழுந்து ஓடினார். அந்தப் பெண் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பின்னால் ஓடினாள். நாய்கள் ஓடியதைவிட அப்பா ஓடியதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

வளைவுக்கு அப்பால் வண்டி ஒரு மரத்தில் மாட்டிச் சரிந்து கிடந்தது. நாய்கள் நாக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு படுத்திருந்தன. அவற்றின் நடுவில் அம்மா பனியில் உட்கார்ந்திருந்தார். ஒரு கீறல் கூட இல்லை. மூச்சு வாங்கி நின்ற அப்பாவை நிமிர்ந்து பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"அப்பாட்டைச் சொல்லு, எனக்கு ஒண்டுமில்லையெண்டு."

"அப்பா, அம்மா சொல்லுறா..." என்று தொடங்கினேன்.

"கேட்டது" என்றார் அப்பா. என்னிடம் அல்ல, அம்மாவிடம். சொல்லிவிட்டு அப்படியே பனியில் குந்தி, சத்தம் போட்டு அழத் தொடங்கினார். அப்பா அழுவார் என்பதே எனக்குத் தெரியாது. அந்தப் பெண் மறுபக்கம் திரும்பி நாய்களின் கயிற்றைச் சிக்கெடுத்தாள். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நானும் நாய்களைப் பார்த்தேன்.

கனநேரம் கழித்து அம்மா, "எழும்புங்கோ, உடுப்பு நனையுது" என்றார். அந்தச் சொல் என்னைக் கடந்து நேரே அப்பாவிடம் போனது.

திரும்பி வரும்போது காரில் ஒரே சண்டை. நாய்வண்டி யாருடைய யோசனை, தொப்பி எங்கே விழுந்தது, பெற்றோல் எங்கே அடிப்பது. எல்லாம் நேரடியாக. பின் ஆசனத்திலிருந்து நான் இரண்டு தரம் குறுக்கே புகுந்து பார்த்தேன். ஒருவரும் திரும்பவில்லை. எனக்குச் சரியான கோபம்.

மறுநாள் காலையில் சூட்கேஸ் அலுமாரிக்கு மேலே போயிருந்தது. சீருடை பழையபடி என் உடுப்பு லாச்சிக்குள் இருந்தது. அன்று சிட்னி செவன் ஹில்ஸிலிருந்து பெரியம்மா ஃபோன் எடுத்தார்.

"என்ன பிள்ளை, வரேல்லையாம்? உனக்கும் அம்மாக்கும் கட்டில் போட்டு வச்சனான்."

"அப்பாவுக்கு?"

"அம்மாட்டைக் குடு" என்றார் பெரியம்மா.

எனக்கு அப்பாவை நினைக்கப் பாவமாக இருந்தது. ஃபோனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த அப்பாவிடம் ஓடினேன். அதுதான் நான் கடைசியாகக் கொண்டுபோன செய்தி.

"அப்பா, சிட்னியில பெரியம்மா உங்களுக்குக் கட்டில் போடேல்லையாம்."

அவர் கை நின்றது. என்னைத் திரும்பிப் பார்க்காமலே, "ஓம், தெரியும்" என்றார்.

நான் திகைத்துப்போனேன். சிட்னிப் பயணத்தைப் பற்றி அதுவரை நான் மூச்சு விடவேயில்லை. அந்த வீட்டில் செய்தி கொண்டுபோகிறவள் நான் ஒருத்திதானே, பிறகு அப்பாவுக்கு யார் சொன்னது?