படத்தில் விழாத வேப்பங்கன்று

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பொய்யின் அடியில் கையெழுத்துப் போட இருந்தேன். பேனாவைக்கூடத் திறந்தாகிவிட்டது.

ஸ்ரீரங்கத்தில் என்னோடு காலையில் நடக்கிற கோஷ்டிக்கு வயது ஏற ஏற ஊரைத் திருத்தும் ஆசையும் ஏறுகிறது. இந்த வருடம் ஏரிகள். நண்பர் பார்த்தசாரதி ரிட்டயர்டு இன்ஜினியர் — எதையும் ஆதாரத்தோடுதான் பேசுவார். திருவெறும்பூரைத் தாண்டி ஓர் ஏரி. அதன் கரையை ஒட்டி இலங்கைத் தமிழர் முகாம். அந்தக் கரையின் சாட்டிலைட் படங்கள் இரண்டைப் பிரின்ட் எடுத்து வந்தார். பழையதில் கரை முழுக்கப் பச்சை. புதியதில் மொட்டை.

வேறென்ன... முகாம்காரர்கள் விறகுக்கு வெட்டித் தீர்த்துவிட்டார்கள்! முதல் வரிசை வீடுகளைக் கரையைவிட்டு அப்புறப்படுத்த வேண்டும் என்று கலெக்டர் ஆபீசுக்கு மனு தயார். நேரில் ஒரு நடை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடலாம் என்று போனோம்.

முதல் வரிசையில், வாசலில் தையல் மெஷினோடு உட்கார்ந்திருந்தார் சுகந்தி. அந்த முகாமிலேயே பிறந்தவர். விஷயத்தைச் சொன்னதும் மெஷினை நிறுத்திவிட்டார். மகளுக்கு மார்ச்சில் பிளஸ் டூ பரீட்சை, இப்போது எங்கே போவது என்றுதான் கேட்டார். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. குடியிருப்பவரிடமே காலி செய்யச் சொல்லும் மனுவை நீட்டிக்கொண்டு நிற்கிறோமே!

அவர் கோபப்படவில்லை. வாங்க என்று கரைக்குக் கூட்டிப் போனார். வெட்டியது நாங்கள்தான், ஆனால் அத்தனையும் சீமைக்கருவேலம் என்றார். ஏரித் தண்ணீரை உறிஞ்சுகிறதே என்று முகாமே சேர்ந்து வேரோடு பிடுங்கியிருக்கிறது. அந்த இடத்தில் வரிசையாக வேம்பும் புங்கனும் — முழங்கால் உயரத்துக்கு. சாட்டிலைட்டுக்கு முள்ளும் பச்சைதான். கன்றுகள் அதன் கண்ணில் படவில்லை. பார்த்தசாரதி படங்களை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

அத்தோடு திரும்பியிருக்கலாம். எனக்கு வாய் சும்மா இருக்குமா? இதற்கு முன் இத்தனை வருடத்தில் உங்கள் வீட்டில் ஏன் ஒரு நிழல் மரம்கூட வைக்கவில்லை என்று கேட்டுவைத்தேன்.

"எங்கப்பா விடமாட்டாருங்க. முருங்கை, பப்பாளி போதும்பாரு. அடுத்த வருசம் ஊருக்குப் போயிடுவம், வேம்பு வச்சா யாரு நிழல்ல உக்காரப் போறாங்கன்னு கேப்பாரு. வருசா வருசம் இதையேதான் சொன்னாரு."

கன்றின் மேல் சாய்ந்திருந்த புல்லை விலக்கிவிட்டார்.

"போன ஐப்பசியில தவறிட்டாரு. கார்த்திகையில நட்டோம்."

மனுவை அங்கேயே கிழித்தோம். திரும்பும் வழியில், இவர்களைப் பாராட்டி நாலு வரி எழுதுங்கள் என்றார் பார்த்தசாரதி. எழுத உட்கார்ந்தால் வரவில்லை. ஊருக்குத் திரும்பும் நம்பிக்கையை விட்ட பிறகு ஒரு குடும்பம் மரம் வைக்கிறது... அதற்கு எந்த வார்த்தையால் பாராட்டுச் சொல்வது?

வேம்பு நன்றாகத் துளிர்த்திருக்கிறது. அவர் அப்பா பார்த்திருந்தால் அழுதிருப்பார்.