பக்கத்து சீட்டில் ஒரு சக்கை

புதுக்கடை சந்திப்பில் என் ஃப்ளெக்ஸ் கடைக்கு எதிரே குட்டியானை லோடு வண்டி போட்டிருக்கும் குமாரதாஸ் அண்ணன் ஒரு நாள் முழுக்கப் பேசுகிற பேச்சை ஒரு விசிட்டிங் கார்டில் அடித்துவிடலாம். காலையில் வண்டியை எடுக்கும்போது சாமியை நினைத்து "அய்யா உண்டு" என்பார். யாராவது சவாரிக்குக் கூப்பிட்டால் "எங்க?" என்பார். அதோடு சரி. இந்த மனிதர் பேசுவதை மட்டுமே வைத்து ஒருவன் முழுநீள சினிமா எடுத்தான் என்றால் நம்ப மாட்டீர்கள். நானும் நம்பவில்லை. எடுத்தவன் ரதீஷ், எங்கள் ஊரில் கல்யாண வீடியோ எடுக்கிறவன்.

ஒருமுறை கல்யாண வீட்டுக்கு லைட்டுகளை ஏற்றிக்கொண்டு அண்ணனின் வண்டியில் போயிருக்கிறான். முன் சீட்டில் ஒரு பெரிய சக்கை இருந்ததால் அவனுக்குப் பின்னால் லைட்டுகளோடுதான் இடம். சக்கை என்றால் எங்கள் ஊரில் பலாப்பழம். கருங்கல் தாண்டியதும் முன்னால் யாரோ பேசுகிற சத்தம். எட்டிப் பார்த்தால் அண்ணன் சக்கையோடு பேசிக்கொண்டிருக்கிறார்.

"மக்கா, அவ கேட்டா அண்ணனுக்கு கால்வலி மாறியாச்சுன்னு சொல்லு. அம்மைக்க பாயி இப்பவும் எனக்க கட்டிலுக்க அடியிலதான் இருக்குன்னு சொல்லு. அவளுக்க மீன்கறி தின்னு எத்தன வருசமாச்சுன்னும் சொல்லு, என்னா?"

அண்ணனின் தங்கை ஓமனாவை இராஜாக்கமங்கலத்தில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள். வீட்டு மரத்தில் முதலில் பழுக்கிற சக்கை வருஷா வருஷம் அவளுக்குத்தான். அண்ணன் கொண்டுபோய் கேட்டில் நிற்பார். "சக்கை" என்பார். கையில் கொடுத்துவிட்டு வண்டியைத் திருப்பிவிடுவார். சண்டையா என்றால் ஒரு மண்ணும் இல்லை. உள்ளே போனால் பேச வேண்டுமே என்கிற பயம். அதனால் பேச வேண்டியதை எல்லாம் வழிநெடுகச் சக்கையிடமே பேசித் தீர்த்துவிடுவார்.

ரதீஷ் விடுவானா? காலைப் பிடித்தான். "அண்ணே, நீங்க நடிக்கண்டாம். சும்மா ஓட்டுங்க, சக்கைய பக்கத்துல வச்சித் தாறேன்." ஸ்டியரிங்குக்கு மேலே சின்ன கேமராவை ஒட்டினான். முதல் இரண்டு சக்கைகளுக்கு அண்ணன் கல்லுப் பிள்ளையாராக ஓட்டினார். மூன்றாவது சக்கையில் கேமராவை மறந்து பேச ஆரம்பித்தார். பிறகு இரண்டு சீசன் எடுத்தான். படத்தில் தங்கையாக வந்தது ரதீஷின் மனைவி நந்தனா, அதுவும் கைகள் மட்டும். தங்கை வீட்டுக் கேட்டாக வந்தது எனக்குத் தெரிந்தவர் வீட்டு வாசல் கேட்டு. ஊர் அழகைக் காட்ட வேண்டும் என்று பத்மநாபபுரம் அரண்மனைப் பக்கம் வண்டியை விடச் சொன்னான். "அங்க நமக்கு என்ன சோலி?" என்று அண்ணன் போகவே இல்லை. இப்படியாக, ஐம்பது கிலோமீட்டர்கூட வராத ரோட்டில் ஒரு ரோடு மூவி முடிந்தது.

படத்துக்குப் பேர் 'சக்கை'. போஸ்டர் நான்தான் அடித்தேன். வெறும் ரோடு, அதன்மேல் அந்த ஒரு வார்த்தை. "ஒரு பழத்தைப் போடுடே" என்று கெஞ்சினேன். அது கலை இல்லையாம். சரி, காசு கொடுக்கிறவன் சொல்வதுதானே கலை.

சென்னையில் படங்களை வாங்கித் தியேட்டரில் போடுகிற ஒருவருக்கு அனுப்பினான். அவர் போனில் கூப்பிட்டபோது ரதீஷ் என் கடையில்தான் இருந்தான், ஸ்பீக்கரில் போட்டான்.

"தம்பி, படம் நல்லா இருக்கு. பேரை மாத்திடுங்க. சக்கைன்னா கரும்பைப் பிழிஞ்சிட்டுக் குப்பையில போடறது. நீங்களே அப்படிப் பேர் வச்சுட்டா விமர்சனம் எழுதறவனுக்கு வேலையே இல்லாமப் போயிடும். பலான்னு வைங்க. படத்துலயும் எல்லா இடத்துலயும் மாத்திப் பேச வைங்க. சென்னை, மதுரை, கோவை எல்லா ஊர்லயும் நான் போட்டுத் தரேன்."

இரண்டு பேரும் முகத்தோடு முகம் பார்த்தோம். அந்த அர்த்தமும் எங்களுக்குத் தெரியாதா? எப்போதோ பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். ஆனால் அந்தப் போஸ்டரைப் பார்த்து ஒருவன் கரும்பை நினைப்பான் என்று எங்கள் புத்தியில் உறைக்கவே இல்லை. "பலா படம்னு வேகமா சொல்லிப் பாருடே, ஆளுகள் முகத்த மூடிட்டுதான் டிக்கெட் எடுப்பாங்க" என்றேன். ரதீஷ் சிரிக்கவில்லை. அவன் உயிரே அந்தப் படத்தில்தான் இருந்தது. எல்லா ஊரிலும் ஓடும் என்று ஒருவர் சொன்ன பிறகு அவனுக்கு எப்படிச் சிரிப்பு வரும்?

நாகர்கோவிலில் பக்திப் பாட்டு பதிவு செய்கிற ஒரு ஸ்டூடியோவுக்கு, டப்பிங் பேச அண்ணனைக் கூட்டிப்போனோம். 'ப' என்றால் உதடு ஒட்ட வேண்டும், 'ச' என்றால் ஒட்டாது. அதையாவது யாரும் கவனிக்காமல் விடலாம். கடைசியில் அவர் கேட்டில் நிற்கிற காட்சி வந்தது. திரையில் தங்கையின் கைகள் நீள்கின்றன. அண்ணன் மைக் முன்னால் நின்று "பலா" என்றார். வாத்தியார் கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னது போல இருந்தது. திரும்பச் சொன்னார். இன்னும் மோசம். வேர்த்து வடிய வெளியே வந்தார்.

"டே ரதீஷே, என்னால ஆகல்லடே. அவகிட்ட சொல்லுகதுக்கு எனக்கு இருக்கிய வார்த்தையே அந்த ஒண்ணுதான்."

அவர் அவ்வளவு நீளமாக மனிதரிடம் பேசி நான் கேட்டதில்லை. ரதீஷ் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். பிறகு சென்னைக்குப் போன் போட்டு, "பேரு மாறாது சார்" என்றான். சென்னை, மதுரை, கோவை எல்லாம் அந்த நிமிஷத்தோடு போயிற்று.

திங்கள்சந்தைப் பக்கம் ஒரு பழைய தியேட்டரில் காலைக் காட்சி மட்டும் கிடைத்தது. இந்த முறை போஸ்டரில் ஆள் உயரத்துக்கு ஒரு சக்கை போட்டேன். ரதீஷ் சரி என்றுவிட்டான். அண்ணன் மட்டும் கடைக்கு வந்து, "இராஜாக்கமங்கலத்துல போர்டு வைக்கண்டாம், கேட்டியா? அவ பாத்திருவா" என்றார். கேட்டேன். கேட்டுவிட்டு அங்கேதான் முதலில் கட்டினேன், அவள் தெருமுனையிலேயே. போர்டு கட்டுகிறவன் ஆள் நடமாட்டம் உள்ள இடம் பார்த்துத்தானே கட்ட வேண்டும்?

ஓமனா வந்தாள். அண்ணன் கடைசி வரிசையில் கதவோரமாக உட்கார்ந்திருந்தார், ஓடுவதற்கு வசதியாக. படம் முடிந்து விளக்குப் போட்டதும் அவள் நேராக அவரிடம் வந்தாள். முகமெல்லாம் கண்ணீர்.

"அண்ணா, இதெல்லாம் சக்கைகிட்ட பறஞ்சியா? எனக்கிட்ட பறஞ்சா என்ன?"

"வண்டி வெயில்ல நிக்கு" என்று சொல்லிவிட்டு அண்ணன் போய்விட்டார்.

படம் இரண்டு வாரம் ஓடியது. எங்கள் ஜில்லாவைத் தாண்டவில்லை. ஆனாலும் சக்கை சக்கைப்போடு போட்டது என்று நான் சந்திப்பில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டுதான் திரிகிறேன். ரதீஷும் இப்போது தெம்பாகத்தான் இருக்கிறான். கல்யாண வீடுகளில் அவனை டைரக்டர் என்று கூப்பிடுகிறார்கள்.

இந்த வருஷமும் முதல் சக்கை பழுத்தது. ரதீஷ் ஆசை விடாமல் கேமராவை மறுபடி ஒட்டிக்கொடுத்தான். காலையில் போன அண்ணன் மத்தியானம் கழிந்துதான் வந்தார். கையில் தேங்காய் எண்ணெய் மினுமினுத்தது. விரல் இடுக்கில் சக்கைப் பால் ஒட்டியிருந்தது. இத்தனை வருஷமும் முழுசாகக் கொடுத்துவிட்டு வந்த சக்கையை இந்த முறை உட்கார்ந்து வெட்டியிருக்கிறார்.

ரதீஷ் என் கடையில் வைத்துப் பதிவை ஓட்டிப் பார்த்தான். போகும்போதும் ஒரு பேச்சில்லை. வரும்போதும் இல்லை. வெறும் எஞ்சின் இரைச்சல்.

"என்ன அண்ணே, ஒரு வார்த்த பேசல்லியே?"

"வழியில பேசினா அங்க போய் என்னத்தப் பேச?" என்றார் அண்ணன். பிறகு எண்ணெய்க் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு சொன்னார்: "மீன்கறியும் தின்னேன்."