தட்டு சுத்துது, கட்டும்வே

சாத்தான்குளத்தில் ஒரு பழைய வீட்டை இடிக்கிறார்கள், மச்சில் ஒரு பெட்டி நிறைய இசைத்தட்டு கிடக்கிறது என்று ஒருவர் போன் செய்தார். உடனே பஸ் ஏறிவிட்டேன். பாதி வழியில்தான் சட்டையைத் திருப்பிப் போட்டிருப்பது தெரிந்தது. தட்டு என்று யாராவது சொன்னால் என் புத்தி அப்படித்தான் ஆகிவிடும். எங்கள் வீட்டில் சோற்றுத் தட்டைவிடப் பாட்டுத் தட்டுதான் அதிகம் என்று என் வீட்டுக்காரி ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள்.

பெட்டியைத் திறந்ததும் கருப்பட்டி வாசனை குப்பென்று அடித்தது. கருப்பட்டிச் சிப்பத்தோடு சங்கீதத்தையும் போட்டு வைத்திருந்திருக்கிறார்கள். மேலாக ஒரு நீல உறை. இரண்டு நாதஸ்வரங்களைக் குறுக்கே போட்ட படம். அதே தட்டு என்னிடமும் இருக்கிறது, ஆனால் அது கீறல் விழுந்தது. இதில் ஈகூட உட்கார்ந்ததில்லை.

அந்தக் கீறலின் கதையைச் சொல்கிறேன், கேளுங்கள்.

நான் மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்காதவன் இல்லை. ஒதுங்கினேன், மழை விட்டதும் வந்துவிட்டேன். அப்புறம் டவுணில் ஓர் அண்ணாச்சியின் ரேடியோ செட் கடையில், கல்யாண வீடுகளுக்குப் போய்ப் பாட்டு வைக்கிற வேலை. தட்டுகளில் எல்லாம் இங்கிலீஷில் எழுதியிருக்கும். அதனால் உறைமேல் நானே படம் வரைந்துகொள்வேன். வேப்பங்குச்சி போட்டிருந்தால் விடியற்காலையில் ஊர் பல் விளக்கும்போது வைக்கிற தட்டு. வளையல் என்றால் பெண்ணை அழைத்து வரும்போது. வாழையிலை என்றால் பந்திக்கு. தோடி, கல்யாணி என்று யாராவது பேச ஆரம்பித்தால் ஏதோ குடும்ப விஷயம் என்று நாகரிகமாக விலகிப் போய்விடுவேன்.

மலைமேல் இருக்கிற மாஞ்சோலைத் தேயிலை எஸ்டேட்டுக்கு ஐப்பசி மழையில் மேளக்காரர்கள் ஏற மாட்டார்கள். தவில் நனைந்துவிடும் என்பார்கள். எஸ்டேட் கல்யாணம் என்றால் நானும் தட்டும்தான் மேளம். மலைப் பாதையில் பஸ் வளைந்து வளைந்து ஏறும். தட்டுகளைப் போர்வையில் சுற்றி மடியில் வைத்திருப்பேன். அண்ணாச்சி வழியனுப்பும்போதே சொல்லிவிடுவார்: "லே, நீ விழுந்தாலும் தட்டு விழப்பிடாது. ஒனக்கு ஆசுபத்திரி இருக்கு, அதுக்கு இல்ல."

அப்படி ஏறிப்போன ஒரு கல்யாணத்தில் பெண்ணின் பெயர் இசக்கி, மாப்பிள்ளை மாடசாமி. இரண்டு பேரும் கொழுந்து பறிக்கிறவர்கள். மாடசாமி தாலியைக் கையில் வாங்குகிற நேரம். நான் நாதஸ்வரத் தட்டை ஓட விட்டுவிட்டு ரொம்பப் பெரிய வித்வான் மாதிரி தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். கெண்டைக் காலில் சுருக்கென்றது. குனிந்து பார்த்தால் அட்டைப் பூச்சி, என் ரத்தத்தைக் குடித்து உருண்டு திரண்டு கிடந்தது. "எம்மா!" என்று துள்ளிய துள்ளலில் கை பட்டு முள் தட்டின்மேல் சர்ரென்று இழுத்துவிட்டது. பிறகு ஓர் இடத்தில் போய் மாட்டிக்கொண்டது. ஒரே துண்டு, நாதஸ்வரம் மேலே ஏறி ஒரு குலுக்குக் குலுக்கும், தவில் ஒரு உருட்டு உருட்டும். திரும்பவும் அதே ஏற்றம், அதே உருட்டு.

மாப்பிள்ளையின் தாய்மாமன் எழுந்து கத்தினார்: "கெட்டிமேளம் வந்துட்டு! கட்டும்வே மாப்ள!"

மாடசாமி கட்டினான். நான் முள்ளைத் தூக்க ஓடினேன். மாமன் என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். "கைய வச்சே, வெட்டிப்புடுவேன். மூணு முடிச்சும் விழட்டும்லே!"

விழுந்தது. குலவை போட்டார்கள். என் காலில் ரத்தம் ஓடியதை ஒருவரும் பார்க்கவில்லை.

கீழே வந்ததும் அண்ணாச்சி திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. புதுத் தட்டு வாங்கி வைத்தார். ஆனால் அடுத்த முறை மலையிலிருந்து வந்தவர்கள் அதைத் தொடவே இல்லை. "இசக்கி கல்யாணத் தட்டுதான் வேணும் அண்ணாச்சி. அது கிறுகிறுன்னு சுத்தும்லா, அங்கனதான் கட்டணும்." அதற்கப்புறம் அந்த மலையில் எந்தக் கல்யாணம் நடந்தாலும் தட்டு அந்தக் கீறலுக்கு வருகிறவரை மாப்பிள்ளை தாலியைப் பிடித்தபடி காத்திருப்பான். வந்ததும் யாராவது ஒருத்தர் கத்துவார்: "தட்டு சுத்துது, கட்டும்வே!" தாலி ஏறிய பிறகு நான் முள்ளை எடுத்து விடுவேன். ஐயர் குறிக்க வேண்டிய முகூர்த்தத்தை ஓர் அட்டைப் பூச்சி குறித்துக் கொடுத்தது.

எனக்குச் சங்கீதம் வந்ததும் அப்படித்தான். ஒரே துண்டைத் திரும்பத் திரும்பக் கேட்டதில் ஒரு நாள் அந்தக் குலுக்கல் நெஞ்சுக்குள் இறங்கிவிட்டது. அது எங்கிருந்து ஏறி வருகிறது, எங்கே போய் முடிகிறது என்று தெரிந்துகொள்ள ஆசை வந்தது. தட்டுத் தட்டாகத் தேடி அலைய ஆரம்பித்தேன். இன்றைக்கு ஓர் ஆலாபனை கேட்டால் என் கண் தானாகக் கலங்கும். ராகத்தின் பெயரைக் கேட்டீர்களானால் வெற்றிலை போடப் போய்விடுவேன். அந்த அட்டை எந்தப் புல்லில் கிடந்ததோ, நன்றாக இருக்கட்டும்.

எஸ்டேட்டை மூடியதும் மலையிலிருந்து எல்லாரும் இறங்கிவிட்டது உங்களுக்குத் தெரிந்திருக்கும். இசக்கி அக்காவும் மாடசாமி அண்ணனும் இப்போது மணிமுத்தாறு பக்கம் ஒரு சின்ன வீட்டில். இறங்கியதிலிருந்து அண்ணன் பேச்சையே குறைத்துவிட்டார். வெயிலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் சாத்தான்குளம் போய் வந்த வாரம் அக்கா போன் செய்தாள். பேத்திக்குக் கல்யாணம், டவுணில் படித்த மாப்பிள்ளை.

"தம்பி, மேளம் நாங்க வைக்கோம்னு மாப்ள வீட்ல சொல்லுதாவ. நான் ஒத்துக்கிடல. மலையில இருந்து சட்டிபானைதான் கொண்டாந்தோம். மத்ததெல்லாம் அங்கனயே கிடக்கு. ஒங்கிட்ட இருக்குறது அந்தத் தட்டு ஒண்ணுதான்லே. அத மட்டும் கொண்டாந்துரு."

நான் ஒரு மேதாவித்தனம் செய்தேன். படித்தவர்கள் நிறைந்த மண்டபத்தில் தட்டு மாட்டிக்கொண்டு திக்கினால் அக்காவைப் பார்த்துச் சிரிப்பார்களே என்று, சாத்தான்குளத்துக் கீறாத தட்டைக் கொண்டு போனேன்.

வாசிப்பு தேன் மாதிரி போனது. மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தார். அந்த இடம் வந்தது, ஏறியது, குலுங்கியது, உருண்டது. பிறகு நிற்காமல் அதுபாட்டுக்குப் போய்விட்டது. முன்வரிசையில் இருந்த மலைக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மாப்பிள்ளை கையை நீட்டினார். பேத்தி கழுத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"என்ன புள்ள?" என்றார் மாப்பிள்ளை.

"இன்னும் சுத்தல."

"நல்ல நேரம் போகுதுவே" என்று மாப்பிள்ளை வீட்டார் முணுமுணுத்தார்கள். இசக்கி அக்கா என்னைத்தான் பார்த்தாள். கோபம் இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. மலை அவ்வளவுதான், முடிந்துபோயிற்று என்று ஒத்துக்கொள்ளப் போகிறவள் மாதிரி இருந்தது அந்தப் பார்வை.

முள்ளைத் தூக்கிப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து வைத்தேன். அந்தக் குலுக்கல் வந்ததும் முள் நகர முடியாதபடி விரலால் அணை கொடுத்துப் பிடித்தேன். சரக் என்று ஒரு சத்தம். ஏறியது, குலுங்கியது, உருண்டது. திரும்ப ஏறியது, குலுங்கியது, உருண்டது.

"தட்டு சுத்துது! கட்டும்வே!"

கத்தியது மாடசாமி அண்ணன். எழுந்து நின்றுகொண்டிருந்தார். அந்தக் குரலை அக்காவே கேட்டு ரொம்ப நாளாகியிருக்கும் போல, குலவை போட வாயைத் திறந்தவள் அழுதுவிட்டாள்.

அங்கே மேலே இப்போது வரிசை வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. நான் ரேடியோ செட்டின் ஒலிபெருக்கிக் குழாய் கட்டிய மரத்துக்கடியில் கல்யாணப் பந்தல் போட ஆள் இல்லை. அட்டைகள் கடிக்கவும் கால்கள் இல்லை.

நேற்று அந்தத் தட்டை வீட்டில் வைத்தேன். என் விரல் போட்ட கீறல் சரியாக அதே இடத்தில் பிடித்துக்கொண்டது. அடுப்படியிலிருந்து வீட்டுக்காரியின் சத்தம் வந்தது: "மாட்டிக்கிட்டு கெடக்கு பாருங்க. எடுத்து விடுங்களேன்."

"பொறுட்டி" என்றேன். "மூணு முடிச்சும் விழட்டும்."