தினம் இரண்டு வேளை நடிப்பு

மல்லேஸ்வரத்தில் நாங்கள் வீடு கட்டிக் குடிபோனதும் என் மாமனாரும் மாமியாரும் ஆற்காட்டிலிருந்து எங்களோடு இருக்க வந்துவிட்டார்கள். மாமனார் ரிட்டையரான போலீஸ் இன்ஸ்பெக்டர். நாடகம் பார்க்கிறவன் உருப்படமாட்டான் என்பது அவருடைய தீர்மானம். மாமியாரிடம் அவர் பேசியதே குறைவு. "இந்தா" என்பார்; அத்தை வந்து நிற்பார்.

வந்த சில மாதங்களில் நாலு படி ஏறினாலே அவருக்கு மூச்சு வாங்கியது. மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். தெருக்கோடியில் இருந்த கன்னட டாக்டரிடம் அழைத்துப் போனோம். என்னையும் என் கணவரையும் வெளி பெஞ்சியில் உட்காரவைத்துவிட்டுத் தான் மட்டும் உள்ளே போனார். திரும்பி வந்தபோது அவர் முகத்தில் பாதி பெருமை, பாதி அவமானம்.

"ரத்தக்குழாயெல்லாம் கெட்டியா இருக்குதாம். இந்த வயசுல யாருக்கு இருக்கும்? ஆனா தினம் ரெண்டு வேளை நடிக்கணுமாம். இல்லேன்னா உசுருக்கே ஆபத்துங்கறாரு."

"நடிக்கணுமா மாமா?"

"டாக்டர் சொன்னா சொன்னதுதான். எனக்கென்ன ஆசையா?"

மறுநாள் காலையே கிணற்றடியில் மருந்து ஆரம்பமானது. கதையை அவரே கட்டினார். ராஜகுமாரியை அரக்கன் தூக்கிப் போகிறான், ராஜா துரத்திப் பிடிக்கிறார். ராஜா மாமனார், ராஜகுமாரி அத்தை. அரக்கனுக்கு ஆள் கிடைக்காததால் அதுவும் மாமனாரே. கறுப்புக் கம்பளியைப் போர்த்தி, கர்ஜித்தபடி, அத்தையின் கையைப் பிடித்துக் கிணற்றை ஒரு சுற்றுச் சுற்றுவார். பிறகு கம்பளியை எறிந்துவிட்டு, போலீஸ் தலைப்பாகையை வைத்துக்கொண்டு, தன்னையே துரத்தி ஓடுவார். கடைசியில் இரைக்க இரைக்க நின்று, "கண்ணே, பயந்துவிட்டாயா?" என்று கேட்பார். வசனம் அப்படி. அத்தை முகம் சிவந்துபோகும். பக்கத்து வீட்டார் மதில்மேல் தலைகளை வரிசையாக வைத்துப் பார்த்தார்கள்.

அத்தை தலையில் பூ வைத்துக்கொள்ள ஆரம்பித்தார். மாலையில் நாலு மணி ஆனதும் சமையலைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, "மருந்து வேளை ஆயிடுச்சு" என்று கிணற்றடிக்கு ஓடினார். மாமனார் பிழைக்க வேண்டுமே என்பது எங்கள் கவலை. அத்தைக்கு அதற்குமேல், இந்த மருந்தை யாரும் நிறுத்திவிடக் கூடாதே என்றும் கவலை.

மாமனாருக்கு மூச்சு வாங்குவது குறைந்தது. கிடுகிடுவென்று படி ஏறினார். வீட்டுப் பக்கம் வந்த டாக்டர் ஒருநாள் கொல்லையை எட்டிப் பார்த்தார். அப்போது அரக்கன் ஓடிக்கொண்டிருந்தான்.

"இதேனு சார்? நான் தினா நடீபேக்கு அந்தே. நடீபேக்குன்னா நடக்கணும் சார், வாக்கிங்! ரக்தகுழாய் கெட்டி ஆனது ஒள்ளேதல்ல, நல்லதில்லே, அதுக்குத்தான் நடக்கச் சொன்னேன்!"

அவர் நாடி பார்த்தார், மார்பைத் தட்டிப் பார்த்தார், முன்னைக்கு எவ்வளவோ தேவலை என்றார். இனி ஒழுங்காக நடந்தால் போதும் என்று சொல்லிவிட்டுப் போனார். மாமனார் கம்பளியை மடித்து வைத்தார். அதே இடத்தில் பழைய இன்ஸ்பெக்டர் ஆகிவிட்டார்.

மறுநாள் காலை யாரிடமும் பேசாமல் கைத்தடியோடு வெளியே போனார். அத்தை கேட்டைப் பிடித்தபடி, அவர் தெருமுனையில் மறையும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அந்த டாக்டர்மேல் ஆத்திரமாக வந்தது.

"கன்னடத்துல நடின்னா நடக்கறதுன்னு நமக்கென்ன தெரியும் அத்தை" என்றேன் சமாதானமாக.

"எனக்கு முதல் நாளே தெரியும்மா. பால்காரன் தினம் எருமையை 'நடி, நடி'ன்னுதானே ஓட்டிக்கிட்டு வர்றான்."

அத்தை தலையிலிருந்த பூவை மெதுவாக எடுத்தார்.

"எப்படியோ ஓடுறாரு, உடம்புக்கு நல்லதுதானேன்னு பேசாம இருந்துட்டேன். என்னைக் கண்ணேன்னு கூப்பிட வேற யாரு இருக்கா, சொல்லு."