கூரை தொடாத சுவர்

கேஸ் அடுப்பை நான் முன்னறையில்தான் வைத்தேன், டீவி இருந்த இடத்தில். இன்றைக்கும் எங்கள் லயத்தில், ஒன்றோடொன்று ஒட்டிய தோட்டத்து வீட்டு வரிசையில், அதுதான் பேச்சு. “சோறாக்குற சாமான யாராச்சும் வாசல்ல கொண்டாந்து வைப்பாங்களா?” என்று கேட்காத வாய் இல்லை. நான் வைப்பேன். ஊர் வாய்க்குப் பயந்துகொண்டு இருட்டுக் குசினிக்குள் கிடந்து சாக என்னால் முடியாது.

சாவு என்று சும்மா சொல்லவில்லை. வறட்டு இருமல் ஒன்று பிடித்து, பிடித்த பிடியை விடவே இல்லை. கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலை ஏறினால் பாதியிலேயே மூச்சு அறுந்துபோகும். பதுளை ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, சிகரட் குடிப்பீர்களா என்று கேட்டார். எனக்கு வந்ததே கோபம்! அப்புறம்தான் விறகு அடுப்பா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அடுப்புப் புகையும் அதைத்தான் செய்யும், இனிமேல் புகை பக்கமே தலைவைக்கக் கூடாது, வைத்தால் மலை ஏறுவதை மறந்துவிட வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டார். மலை ஏறாவிட்டால் எனக்கு என்ன இருக்கிறது? எனக்குத் தெரிந்த ஒரே வேலை அதுதான்.

சீட்டு விழுந்ததும் நேரே டவுனுக்குப் போனேன். ஒசத்தியும் இல்லாமல் மட்டமும் இல்லாமல் நடுத்தரமாக ஒன்றைக் காட்டினார்கள். மேலே நாலு பர்னர், கீழே ஓவன், மூடுவதற்குக் கண்ணாடி மூடி. கூட வந்த வீட்டுக்காரர் என் காதருகே வந்து, “ரெண்டு பர்னர் போதாதா?” என்றார்.

“எங்களுக்கு ஒண்ணு, ஒங்க அம்மாவுக்கு ஒண்ணுன்னு பங்கு வச்சு சண்ட போடவா? நாலே இருக்கட்டும்” என்றேன். கடைக்காரப் பையன் சிரித்தான். இவர் சிரிக்கவில்லை.

லொறி ரோட்டோடு நின்றுவிட்டது. அங்கிருந்து தேயிலைக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் ஆம்பிளைகள் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். லயமே வாசலில் நின்று வேடிக்கை பார்த்தது. என் மாமியார் அத்தை மஞ்சளும் குங்குமமும் கொண்டுவந்து கண்ணாடி மூடியில் பட்டையாகப் பூசினார். “வெடிக்காம கொள்ளாம இருக்கணும் தாயே” என்று கும்பிட்டார். கேஸைப் பொருத்த வந்த ஆள், சிலிண்டருக்குக் காற்றோட்டம் வேண்டும், விறகு எரிகிற இடத்தில் வைக்கவே கூடாது என்று சொன்னான். காற்று வரும் ஒரே ஜன்னல் முன்னறையில்தான் இருக்கிறது. டீவியைத் தூக்கிக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தேன். முடிந்தது கதை.

முதல் நாள் ரொட்டி கருகியது. வெளியே கரி, உள்ளே பச்சை மாவு. எங்கள் ரொட்டி தேங்காய்ப்பூ போட்டுத் தடிப்பாகத் தட்டுவது. விறகுத் தணலுக்குப் பழகிய கை, கேஸை முழுசாகத் திருப்பிவிட்டிருக்கிறது. “அப்பவே சொன்னேன்ல” என்று அத்தைக்குப் பல்லெல்லாம் சிரிப்பு. அந்த ரொட்டியை ஒரு துண்டு விடாமல் நானே தின்றேன். வயிறு வலித்தது, வெளியில் சொல்லவில்லை. சிறு தீயில் மூடி போட்டுச் சுட வேண்டும் என்று மறுநாளே பிடிபட்டுவிட்டது. எதிரே ஆள் தெரியாமல் மிஸ்ட் மூடிய குளிர்காலைகளில் அடுப்புப் பொத்தான் டிக் டிக் என்று அடித்துக்கொள்ளுமே தவிரப் பற்றாது. அதற்கு லைட்டர் ஒன்றை ஜன்னலில் கட்டித் தொங்கவிட்டேன்.

ஓவன் கதை வேறு. ஒரு ஞாயிற்றுக்கிழமை கேக் போடலாம் என்று மாவைக் குழைத்துவிட்டு, சூடேறட்டும் என்று திருப்பி வைத்தேன். கொஞ்ச நேரத்தில் லயத்தின் அந்தக் கோடித் தொங்கலிலிருந்து ஒருத்தி, “யாரு வீட்டுல கருவாடு சுடுறீங்க?” என்று சத்தம் போட்டாள். அத்தை பூனைக்குப் பயந்து கருவாட்டுப் பொட்டலத்தை ஓவனுக்குள் பத்திரப்படுத்தி வைத்திருந்தார்! அன்றைக்குக் கேக்கிலும் கருவாடு மணத்தது. அதையும் தின்றோம்.

இவ்வளவு பாடுபட்டும் இருமல் நிற்கவில்லை. எங்கள் குசினி அடுப்பு அணைந்து சாம்பலும் ஆறிப்போயிருந்தது, ஆனால் விடிந்தால் கண் எரிந்தது. ஒரு காலையில் தேத்தண்ணிக் கோப்பையோடு உட்கார்ந்து மேலே பார்த்தேன். நீலமாகப் புகை, சுவருக்கு மேலால் மெதுவாக எங்கள் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது.

லயத்துச் சுவர் கூரையைத் தொடாது. ஆள் உயரத்துக்கு மேல் கொஞ்சம் எழும்பும், அதற்கப்புறம் தகரக் கூரை வரைக்கும் திறந்த வெளிதான். ஒரு வீட்டில் தாளித்தால் அடுத்த வீட்டில் தும்முவார்கள். அந்தச் சுவருக்குள்ளேயே பிறந்து வளர்ந்து கல்யாணமும் கட்டினவள் நான். டவுன்காரியைப் போல, என் அடுப்பை மாற்றினால் என் புகை போய்விடும் என்று நினைத்திருக்கிறேன் பாருங்கள்! தலையில் அடித்துக்கொண்டேன்.

புகை வந்த வீடு என் கொழுந்தன் வீடு; மறுபக்கத்து வீடு ஆளில்லாமல் பூட்டிக் கிடந்தது. லயத்தின் கடைசி வீடு, எங்களுக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரே சுவர். கொழுந்தன் பெண்டாட்டிக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை அறுந்து வருசக்கணக்காகிறது. அவள் ஆடு என் போஞ்சிக் கொடியை மேய்ந்தது, நான் கேட்டேன், அவள் நாக்குமேல் பல்லைப் போட்டுப் பேசிவிட்டாள். அதிலிருந்து பீலியில் தண்ணீர் பிடிக்கும்போதுகூட ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டுதான் நிற்போம்.

வீட்டுக்காரர் பழைய தகரம் தேடிக்கொண்டு வந்து, சுவருக்கு மேலே கூரை வரைக்கும் இடைவெளியில்லாமல் ஆணி அடித்தார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். “ஒரு வயித்துல பொறந்த பயலுக வீட்டுக்கு நடுவுல தகரமா?” என்று அத்தை மூக்கைச் சிந்தினார். “ஒங்க மருமகளுக்கு மூச்சு வேணாமா அத்தை?” என்று கேட்டேன்.

புகை நின்றது. கொஞ்சம் கொஞ்சமாக இருமலும் நின்றது. கூடையோடு மலை உச்சிவரை நிற்காமல் ஏறிய நாள் எனக்குக் கல்யாண நாளைவிடச் சந்தோசமான நாள். யாரிடம் வேண்டுமானாலும் சொல்வேன்.

என் இருமல் நின்ற பிறகுதான் அடுத்த வீட்டு இருமல் கேட்டது. விடியற்காலை, பெரட்டில் பேர் கொடுத்து வேலைக்குப் போகுமுன் லயமே அடுப்புப் பற்றவைக்கிற நேரம். தகரத்துக்கு அந்தப் பக்கம் வறட்டு இருமல், விட்டுவிட்டு, கடைசியில் நீளமாக ஓர் இழுப்பு. என் இருமலேதான். அவள் வீட்டுக்கு மறுபக்கம் கூரை வரைக்கும் எழும்பிய வெளிச்சுவர். அவளுடைய புகை இத்தனை நாளும் எங்கள் வீட்டு வழியாகத்தான் தப்பிப் போயிருக்கிறது. நாங்கள் அந்த வழியை அடைத்துவிட்டோம்.

மலையிலும் பார்த்தேன். கொழுந்து நிறுக்கிற இடத்தில் கூடையை இறக்கிவிட்டு, முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆத்திரமாக வந்தது. யார்மேல் என்று தெரியாத ஆத்திரம்.

“தகரத்தக் கழட்டுங்க” என்றேன் வீட்டுக்காரரிடம்.

“கழட்டுனா ஒன் நெஞ்சு என்னத்துக்காகும்? பைத்தியமா ஒனக்கு?” என்றார். “அவ கெடக்குறா, விடு” என்றார் அத்தை, முன்னே மூக்கைச் சிந்திய அதே அத்தை.

கழற்றினால் நான், கழற்றாவிட்டால் அவள். என்ன நியாயம் இது? எங்கள் ரெண்டு பேரில் ஒருத்திதான் மூச்சுவிட வேண்டும் என்று எந்தச் சாமி சொன்னது? எனக்கு இந்தக் கணக்கே பிடிக்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் அவள் வீட்டுக்குள் நுழைந்தேன். உள்ளே மனுசர் இருக்கிற இடமாகவே இல்லை, அவ்வளவு புகை. கவ்வாத்து வெட்டிய ஈரத் தேயிலைக் குச்சியை அடுப்பில் திணித்து ஊதிக்கொண்டிருந்தாள். மேலே சோற்றுப் பானை.

“ஏய், பானைய எடு. என் அடுப்புல வையி” என்றேன்.

நிமிர்ந்து பார்த்தாள். கண் ரெண்டும் கோவைப்பழம். “எங்களுக்கு யாரும் பிச்ச போட வேணாம்.”

பேச்சு எதற்கு? அங்கே கிடந்த சாக்கால் பானையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். “அய்யய்யோ, என் சோத்துப் பானைய தூக்கிட்டுப் போறாங்க!” என்று கத்திக்கொண்டே அவள் என் பின்னால் ஓடி வந்தாள். பல் விளக்கிக்கொண்டிருந்தவர்கள் பிரஷும் வாயுமாக வாசலுக்கு வந்தார்கள். வரட்டும். பானையைப் பெரிய பர்னரில் வைத்துப் பற்றவைத்தேன்.

அவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். வருசக்கணக்காக மிதிக்காத படி.

“எறக்குங்க என் பானைய.”

“நீயே வந்து எறக்கிக்க.”

உள்ளே வந்தாள். பானையில் கை வைக்கப் போனவள், அடியில் எரிந்த நீலத் தீயைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அப்போது இருமல் பிடித்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள், நான் முதுகைத் தடவினேன். எலும்பு கையில் தட்டுப்பட்டது. அடங்கியதும், என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:

“பதுள டாக்டரம்மா எனக்கும் இதையேதான் சொன்னாங்க அக்கா. பொக பக்கம் போகாதன்னு.”

“எப்ப?”

“நீங்க போறதுக்கு முன்னாடியே. போன வருசமே.”

“ஏன்டி வாயத் தொறந்து சொல்லல?”

“அவருகிட்ட சொன்னா, தோட்டத்துல யாருக்குத்தான் இருமல் இல்லம்பாரு. வேற யாருகிட்ட சொல்ல? நம்மதான் பேசிக்கிறதில்லையே.”

சோறு கொதித்தது. “நாலு பர்னர் இருக்கு, இனிமே ஒனக்கும் இதுதான் அடுப்பு, பாத்துக்க” என்று அவளிடம் சொல்லிவிட்டு, தண்ணீர்க் குடத்தை இடுப்பில் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்குள் போனேன். அடுப்பு இன்னும் புகைந்து எரிந்துகொண்டிருந்தது. “அடியே, எரியிற அடுப்புல தண்ணி ஊத்துனா குடும்பம் வெளங்காதுடி!” என்று அத்தை வாசலில் நின்று கத்தினார். லயமே பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் முழுக் குடத்தையும் ஊற்றினேன்.