பன்றிச் சாப்ஸும் நான்கு தட்டுக் கேசரியும்

என்னை ஓர் இடத்தில் உட்காரவைப்பது எங்கள் வீட்டில் யாராலும் முடியாத காரியமாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் பெஞ்சின் மேல் ஏற்றிவிட்டால் நின்றபடியே ஆடுவேன். அப்படிப்பட்டவனை நம்பி ஒரு கல்யாணத்தையே ஒப்படைத்தார்கள் என்றால், எங்கள் குடும்பம் எந்த நிலைமையில் இருந்தது என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

கல்யாணம் சித்தப்பாவுக்கு. ஒன்பது வருஷம் பட்டாளத்தில் சப்பாத்தி தின்று வயிற்றைக் கெடுத்துக்கொண்டு சங்கரன்கோவிலுக்குத் திரும்பியிருந்தார். தின்றதெல்லாம் தங்காமல் போய், ஆள் பாதியாகி, கடைசியில் பட்டாளத்து ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர்தான் கண்டுபிடித்தாராம், இவர் குடலுக்குக் கோதுமை ஆகாது என்று. சப்பாத்தி, பரோட்டா, ரவை, சேமியா, ரொட்டி எதையும் ஆயுசுக்கும் தொடக் கூடாது. அரிசியும் காயும் கொழுப்பில்லாத கறியும் தின்று உடம்பைத் தேற்ற வேண்டும். சர்க்கரை வியாதிக்காரர்களை டாக்டர் கோதுமை சாப்பிடச் சொல்லி நாங்கள் கேள்விப்பட்டிருக்கிறோம். கோதுமையே வியாதி என்று ஒருவரும் கேள்விப்பட்டதில்லை. சப்பாத்தி சுடச் சோம்பல்பட்ட எவனோ சொல்லியிருக்கிறான் என்று அப்பா முடிவுகட்டிவிட்டார்.

சித்தப்பா அதற்கெல்லாம் அசரவில்லை. ஆபீசர்கள் மெஸ்ஸில் கொஞ்ச காலம் சமையலுக்கு ஒத்தாசையாக இருந்தவர். அங்கே கற்றதுதான் பன்றிச் சாப்ஸ். எங்கள் வீட்டில் ஆடு உண்டு, கோழி உண்டு, மீன் உண்டு. பன்றி மட்டும் வாசற்படி தாண்டியதில்லை.

"தம்பி, நீங்க என்னத்தையும் தின்னுங்க. ஆனா என் அடுப்புல ஏத்தக் கூடாது. என் சட்டியத் தொடக் கூடாது. என் கரண்டி அதப் பாக்கவே கூடாது" என்றாள் அம்மா.

"சரி மதினி. கரண்டிக்குக் கண்ணக் கட்டிருதேன்."

கொல்லையில் முருங்கை மரத்துக்குக் கீழே மூன்று செங்கல் வைத்து அடுப்புக் கூட்டினார். சந்தையில் தனியாக ஒரு தோசைக்கல் வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை காலையில் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் போய், விலா எலும்போடு சேர்ந்த துண்டுகளாகக் கேட்டு வெட்டி வாங்கி வருவார். ஓரத்துக் கொழுப்பையெல்லாம் அரிந்து எறிவார். எங்கள் தெருக் காக்கைகளுக்கு அதனாலேயே நடை கனத்துப்போனது. மெஸ்ஸில் துண்டுகளை ரொட்டித்தூளில் புரட்டி எண்ணெயில் மிதக்கவிடுவார்களாம். சித்தப்பா மிளகும் சீரகமும் பூண்டும் மஞ்சளும் அரைத்துத் தடவி, பச்சரிசி மாவில் லேசாகப் புரட்டி, கல்லில் ஒரே ஒரு கரண்டி நல்லெண்ணெய் விட்டு, மேலே மூடி போட்டு நிதானமான தீயில் வேகவைப்பார். பக்கத்தில் சோறு, அவித்த சீனி அவரைக்காய், முருங்கைக்கீரை. நோயாளிச் சாப்பாடு இவ்வளவு ருசியாக இருக்குமானால் எனக்கும் ஏதாவது ஒரு நோயைக் கொடு என்று கோமதி அம்மனிடம் நான் வேண்டிக்கொண்டது உண்மை. அம்மன் கொடுக்கவில்லை. சித்தப்பா கொடுத்தார், வாரம் ஒரு துண்டு.

ஆறு மாதத்தில் அவர் கன்னத்தில் சதை வைத்தது. பெண் தேட ஆரம்பித்தார்கள். மாப்பிள்ளைக்கு வயிற்றில் என்னமோ வியாதியாம் என்று யாரோ பற்றவைத்ததில் இரண்டு இடம் தட்டிப்போனது. மூன்றாவது இடம் புளியங்குடியில். இதுவும் போனால் அடுத்த இடம் பார்க்கத் தரகர் வர மாட்டார் என்று அப்பா பயந்தார். அதனால் கோதுமை பற்றி மூச்சு விடக் கூடாது, பன்றி பற்றி நினைக்கவே கூடாது என்று உத்தரவு போட்டார். ஒரே ஒரு சிக்கல். பெண் பார்க்கப் போகிற வீட்டில் ரவைக் கேசரி வராமல் இருக்காது. பெண் கையால் கிண்டிய கேசரியை மாப்பிள்ளை தொடாமல் வைத்தால், பெண்ணையே வேண்டாமென்று சொன்ன மாதிரி.

"ஒரு வாய் தின்னா செத்தா போயிருவ?" என்றார் அப்பா.

"சாக மாட்டேன் அண்ணே. ஆனா திரும்பி பஸ்ஸுல வரணும்லா. எனக்காக எத்தன தடவதான் நிறுத்துவான்?"

வழி கண்டுபிடித்தது அம்மா. நல்ல காரியத்துக்கு மூன்று பேராகப் போகக் கூடாது, நாலாவதாக ஓர் ஆள் வேண்டும். "இவனக் கூட்டிட்டுப் போவோம். தம்பி பக்கத்துல ஒக்காந்து அவுக தட்டுக் கேசரியையும் இவன் தின்னுருவான். திங்கிறதுல இவன மிஞ்ச ஆளு கெடையாது" என்றாள். அம்மா என்னைப் புகழ்ந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

புளியங்குடி வீட்டில் பெண்ணின் அப்பா, சுவரோரமாக வரிசையாக நின்ற நான்கு அண்ணன் தம்பிகள், எல்லாவற்றையும் முன்னின்று நடத்திய ஓர் அத்தை. பெண்ணுக்கு அம்மா இல்லை. பன்னிரண்டு வயதிலிருந்து இந்த ஐந்து ஆண்களுக்கும் அவள்தான் பொங்கிப் போடுகிறாள் என்று அத்தை பெருமையாகச் சொன்னாள். "ஒருநா காய்ச்சல்னு படுத்திருப்பாங்கீக? மூச்!" என்றாள். அம்மா திருப்தியாகத் தலையாட்டினாள். அந்தப் பெண் தட்டுகளை வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

என் தட்டை முடித்தேன். சித்தப்பா உத்திரத்தில் மரம் நல்ல மரமா என்று அண்ணாந்து பார்த்த நேரத்தில் அவர் தட்டையும் முடித்தேன். வேலை முடிந்தது என்று நிமிர்ந்தால் அத்தை கரண்டியோடு வந்து நிற்கிறாள். "அட, மாப்பிள்ளைக்கு நம்ம கேசரி புடிச்சிப்போச்சே!" தட்டு நிரம்பியது. அதையும் முடித்தேன். மறுபடியும் வந்தாள். எனக்குத் தொண்டை வரைக்கும் நெய். கால் தானாக ஆட ஆரம்பித்தது. கால் ஆட பெஞ்சு ஆடியது. பெஞ்சு ஆட அப்பாவின் காப்பி வேட்டியில் சிந்தியது. நாலாவது தட்டில் இருந்த முந்திரிப்பருப்பு என்னை முறைத்துப் பார்த்தது.

"சித்தப்பா, இதுக்கு மேல என்னால முடியாது. இத நீங்களே தின்னுருங்க" என்றேன்.

அப்பா என் தொடையைக் கிள்ளினார். கிள்ளினால் வாய் மூடும் பிள்ளைகளும் உலகத்தில் உண்டு. எனக்குத் திறக்கும்.

"கிள்ளாதீங்கப்பா! சித்தப்பாவுக்குத்தான் கோதும சேராதுல்லா? வீட்ல பன்னிச் சாப்ஸ்தான் திங்காக. அவுகளே சுடுதாக!"

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். பெண்ணின் அப்பா என்னைப் பார்த்தார், சித்தப்பாவைப் பார்த்தார், பிறகு துண்டை வாயில் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"இதுக்கா அண்ணாச்சி இந்தப் பாடு? எனக்கு மூலம். வைத்தியர் சொல்லி நானும் மாசம் ஒரு தடவ அந்தக் கறிய ஒளிஞ்சி ஒளிஞ்சித் திங்கிறவன்தான். முன்னக்கூட்டியே சொல்லியிருந்தீகன்னா எம் பொண்ணு அரிசி மாவுல பணியாரம் சுட்டிருப்பா."

அவ்வளவுதான். கலகலப்பாகிவிட்டது. கொழுப்பை எப்படி அரிவது, எவ்வளவு நேரம் மூடி வைப்பது என்று அவர் கேட்கக் கேட்க, சித்தப்பா கையால் புரட்டிக் காட்டிக்காட்டிச் சொன்னார். கதவுக்குப் பின்னாலிருந்த பெண் முழுசாக வெளியே வந்து சித்தப்பாவைப் பார்த்தாள்.

அதே சமயம் என் வயிறும் வெளியே வரப் பார்த்தது. கொல்லைக்கு ஓடினேன். கேசரி முழுவதும் வாழை மரத்தடிக்குப் போய்ச் சேர்ந்தது. பின்னாலேயே செம்பில் தண்ணீரோடு வந்து என் தலையைப் பிடித்துக்கொண்டவள் அந்தப் பெண்தான். வாயைத் துடைத்துவிட்டு, மெதுவான குரலில் கேட்டாள்.

"உங்க சித்தப்பா நெசமாவே அவுகளே பொங்கிக்கிடுவாகளா? மத்தவங்களுக்கும் குடுப்பாகளா?"

"ஆமா. எனக்குத் தருவாக."

அவள் சிரித்தாள். அன்றைக்கு அவள் சிரித்து அப்போதுதான் பார்த்தேன். எனக்குப் பகீரென்றது. அடுப்படியில் நிற்கிற ஆம்பிளை என்று சித்தப்பாவைக் கேலியாக நினைத்துவிட்டாளே! மானத்தைக் காப்பாற்ற வேண்டியது என் பொறுப்பு.

"அதெல்லாம் இப்பத்தான்" என்றேன் அவசரமாக. "நீங்க வந்துட்டீகன்னா சித்தப்பா அடுப்புப் பக்கமே வர மாட்டாக. எங்க எல்லாருக்கும் மூணு வேளையும் நீங்கதான் பொங்கணும். இனிமே தனக்குக் கை ஓயும்னு அம்மாவே பஸ்ஸுல வரும்போது சொன்னா."

"அப்படியா" என்றாள். செம்பில் மிச்சமிருந்த தண்ணீரை என் காலில் ஊற்றிவிட்டு உள்ளே போனாள்.

திரும்பும்போது பஸ்ஸில் எல்லாருக்கும் சந்தோஷம். அப்பா எனக்குச் சோடா வாங்கிக் கொடுத்து, இவன் வாயாலும் ஒரு நல்லது நடந்திருக்கிறது என்றார். கொல்லையில் நான் செய்த உபகாரத்தை வேறு சொன்னால் ரொம்பப் பெருமையாகிவிடும் என்று அடக்கமாக இருந்துகொண்டேன். எனக்கு அடக்கம் வந்தது அந்த ஒரு நாள்தான்.

எட்டாம் நாள் தரகர் வந்தார். "அவுக அப்பாவுக்குச் சம்மதம், அண்ணன் தம்பிகளுக்கும் சம்மதம். பொண்ணுதான் மாட்டேங்கா. ஏன்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கா" என்றார். பன்றிதான் காரணம் என்றார் அப்பா. கேசரிதான் என்றாள் அம்மா.

சித்தப்பா கொல்லைக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்தார். துண்டுகளைக் கல்லில் போட்டு, சிவக்கும் முன்பே புரட்டினார், உடனே மறுபடியும் புரட்டினார். பிறகு என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"ஏலே, அன்னிக்குக் கொல்லையில அந்தப் பிள்ள ஒங்கிட்ட ஏதும் கேட்டுச்சா?"

"நீங்களே பொங்குவீகளான்னு கேட்டாக."

"நீ என்ன சொன்ன?"

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, ஒரு சொல் விடாமல் சொன்னேன். சித்தப்பா கேட்டு முடித்தார். என்னை அடிக்கவில்லை, திட்டவுமில்லை. குனிந்து, எரிகிற விறகுகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்து மண்ணில் தேய்த்தார். ஒரு பக்கம் வேகாத கறியைக் கல்லில் வைத்துக்கொண்டு எதற்காக அடுப்பை அணைக்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. தட்டில் தாளம் போட்டுக்கொண்டு, எப்போது மறுபடியும் பற்றவைப்பார் என்று ஒற்றைக்காலில் நின்றேன்.