எல்லார் களிம்பும் ஒரே டப்பாவில்

காலை ஏழு ஐம்பது. நெருப்பெரிச்சல் என்ற ஊரில் சின்னம்மா வேலை பார்த்த பனியன் கம்பெனியின் சாப்பாட்டு ஷெட்டுக்குள் நுழைந்ததும் நான் முதலில் பார்த்தது, மூடி திறந்திருந்த ஓர் எவர்சில்வர் டப்பாவை. மதியச் சோற்றுக்கு ஊறுகாய் கொண்டுவரும் டப்பா அது. அன்று அதில் வெள்ளைக் களிம்பு இருந்தது. சுற்றி நின்ற பெண்கள் ஒவ்வொருவராக விரலை விட்டு எடுத்து இரண்டு கைகளிலும் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். மேசையோரத்தில் பிழிந்து சுருட்டிய டியூப்கள் கிடந்தன. என்னைப் பார்த்த பிறகும் சின்னம்மா டப்பாவை மூடவில்லை. "வா கண்ணு, டீ குடிக்கிறியா?" என்று மட்டும் கேட்டார்.

சின்னம்மா என் அம்மாவின் தங்கை. தைத்து வரும் துணியில் எண்ணெய்க் கறை இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் எடுப்பது அவர் வேலை. கறையின் மீது ஒரு திரவத்தைப் பீய்ச்சி விரலால் தேய்க்க வேண்டும். அந்தத் திரவம் துணியின் கறையோடு தோலின் எண்ணெய்ப் பசையையும் சேர்த்தே எடுத்துவிடும். முதலில் அரிப்பு, பிறகு தடிப்பு, அதன் பிறகு விரல் மடிப்புகளில் வெடிப்பு. வெடித்த கையால் உப்பையோ மிளகாயையோ தொட முடியாது. சின்னம்மா வருடக்கணக்காகக் கரண்டியால்தான் சாப்பிட்டார். ஊறுகாய் கொண்டுவருவார், தான் தொடமாட்டார். மெடிக்கல் ஷாப்பில் கேட்டால் ஒரு டியூப் கொடுப்பார்கள். தடவினால் அரிப்பு அடங்கும், நிறுத்தினால் இரண்டு மடங்காகத் திரும்பும். அதைத் தடவித் தடவி அவர் புறங்கைத் தோல் வெங்காயச் சருகு போல மெலிந்திருந்தது.

அந்தக் கைகளைத் தேடித்தான் டாக்டரம்மா வந்தார். அரசு மருத்துவமனையில் தோல் மருத்துவர். பனியன் கம்பெனிப் பெண்களின் கைப்புண்ணுக்கு ஒரு மருந்து உண்மையிலேயே பலன் தருகிறதா என்று அவர் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். சம்மதித்தவர்களுக்கு ஒரே மாதிரியான டியூப் கொடுப்பார்கள். பாதி டியூப்களில் மருந்து கலந்த களிம்பு, மீதியில் மருந்தில்லாத வெறும் களிம்பு. யாருக்கு எது போகிறது என்பது வாங்குகிறவருக்கும் தெரியாது, கொடுக்கிற டாக்டரம்மாவுக்கும் தெரியாது. தெரிந்தால் மனசு கணக்கை மாற்றிவிடும் என்று அவர் எனக்கு விளக்கினார். உள்ளூர் நாளிதழில் நிருபராக இருந்த நான், அதைப் பற்றி எழுதத்தான் அன்று அவருக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தேன். ஒருவர் டியூப்பை இன்னொருவருக்குக் கொடுக்கக் கூடாது என்று அவர் எல்லாரிடமும் சொல்லியிருந்தார். எல்லாரும் தலையாட்டியிருந்தார்கள்.

தலையாட்டியவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த மேசையில் தனித்தனி என்று எதுவும் இருந்ததில்லை. ஒருத்தியின் ரசம் இன்னொருத்தியின் சோற்றில் விழும். தலைவலி மாத்திரை அட்டை ஒன்று எல்லாருக்கும் பொது. சில வாரங்களில் சின்னம்மாவின் வெடிப்புகள் மூடத் தொடங்கின. பக்கத்து இருக்கைக்காரரான சாத்தூர் அக்காவுக்கு ஒன்றும் மாறவில்லை. தெற்கேயிருந்து பிழைக்க வந்து, இரண்டு பெண் பிள்ளைகளை இந்தச் சம்பளத்தில் படிக்க வைத்துக்கொண்டிருந்தவர் அவர். அப்போதுதான் மேனேஜர் அறிவித்தார்: அடுத்த வாரம் வெள்ளை ஆர்டர், பச்சைக் குழந்தைகளுக்கான சட்டை, கையில் வெடிப்பு இருக்கிறவர்கள் துணியைத் தொடக் கூடாது, ஆறின பிறகு வரலாம். ஆறாதவர்கள் திரும்பி வந்தால் இடம் இருக்காது என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். மறுநாள் காலையில் எல்லா டியூப்களும் அந்த டப்பாவுக்குள் பிழியப்பட்டன.

டாக்டரம்மா எட்டு மணிக்கு வந்தார். டப்பாவைப் பார்த்தார். டியூப்களைப் பார்த்தார்.

"இதுல யாரோட களிம்பு இருக்கு?"

"எல்லாத்தோடதும் தானுங்க," என்றார் சின்னம்மா. "எனக்கு வந்தது நல்ல டியூப்பு. இவளுக்கு வந்தது வெறும் வெண்ணெய். பாத்தாலே தெரியுதுங்களே."

"நான் வேணாம்னுதான் சொன்னேன் டாக்டரம்மா," என்றார் சாத்தூர் அக்கா. "இந்த அக்கா கேட்டாத்தானே. எங்கையில இருந்து புடுங்கிப் பிழிஞ்சுருச்சு."

டாக்டரம்மா உட்கார்ந்தார். கோபத்தை மறைக்க அவர் முயலவில்லை. பல மாத உழைப்பு வீணாகிவிட்டது என்றார். மருந்தை இப்படிப் பங்கு போட்டால் வீரியம் குறையும், யாருக்கும் முழுசாக ஆறாது, மருந்து வேலை செய்கிறதா என்பதும் தெரியாமல் போகும் என்றார்.

"ஏனுங்க, ஒண்ணு கேக்கறேன்," என்றார் சின்னம்மா. "இது எங்களுக்கு ஆறுறதுக்கா, நீங்க தெரிஞ்சுக்கறதுக்கா?"

நான் பேட்டி எடுத்த அதிகாரிகளில் பலர் இப்படிப்பட்ட கேள்விக்கு முன்னால் தண்ணீர் குடிப்பார்கள். டாக்டரம்மா நேராகவே பதில் சொன்னார்.

"தெரிஞ்சுக்கறதுக்குத்தான். ஆறினா சந்தோஷம். உங்க புறங்கையப் பாருங்க. தெரிஞ்சுக்காமலேயே கடையில எல்லாருக்கும் குடுத்த மருந்து பண்ணின வேலை அது."

சின்னம்மா புறங்கையைத் திருப்பிப் பார்த்தார். "அது சரிதானுங்க," என்றார். "ஆனா அடுத்த வாரம் இவ ஊட்டுக்குப் போயிருவா. நீங்க தெரிஞ்சுக்கற வரைக்கும் வெள்ளைத் துணி காத்திருக்காதுங்க. என்ற கை வெடிச்சா வெடிக்கட்டும்."

கூட வந்திருந்த உதவியாளர் தாழ்ந்த குரலில் ஒரு யோசனை சொன்னார். புது டியூப் கொடுத்துவிட்டு, கலந்த விஷயத்தை எங்கும் குறிப்பிடாமல் விட்டுவிடலாமாம். டாக்டரம்மா அவரைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் அப்படியே எழுதினேன். எடிட்டர் அடித்துவிட்டார். நடந்ததை நடந்தபடியே எழுதி, இந்தக் கம்பெனியைக் கணக்கிலிருந்து எடுத்துவிடுவதாக டாக்டரம்மா சொன்னார். மேலிடத்தில் இதற்காக அவர் ஏச்சு வாங்கியதைப் பின்னாளில் அறிந்தேன். ஒரு வரியைக்கூட அவர் மாற்றவில்லை. அடுத்த முறை ஒரு கம்பெனி முழுவதற்கும் ஒரே வகை டியூப் என்று திட்டத்தையே மாற்றினார். முதலில் வெறும் களிம்பு வாங்கும் கம்பெனிக்கு, மருந்து பலன் தருவது உறுதியானால் பிறகு அந்த மருந்தும் உண்டு. பங்கு போடுகிறவர்களைத் திருத்த முடியாது, ஆராய்ச்சியைத்தான் திருத்த வேண்டும் என்றார்.

சின்னம்மா தன் பிடிவாதத்துக்கு விலை கொடுத்தார். வெள்ளை ஆர்டர் வருவதற்குள் அவர் கை மறுபடியும் வெடித்தது. அதற்காக அவர் அழவில்லை. இரவில் மருந்து போட்டுப் பருத்திக் கையுறை மாட்டிக்கொண்டு தூங்கச் சொல்லி டாக்டரம்மா முன்பே கற்றுக்கொடுத்திருந்தார். வெட்டி மிஞ்சிய வெள்ளைப் பனியன் துணியை எடுத்து, ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்து, அதே போன்ற உறைகளை அந்த மேசைக்காரர்கள் எல்லாருக்கும் தைத்தார் சின்னம்மா. ஆர்டர் தொடங்கிய காலையில் ஆறின கை, ஆறாத கை எல்லாம் வெள்ளை உறைக்குள் இருந்தன.

மேனேஜர் வந்து நின்றார். "யாருக்குக் கை நல்லா இருக்குது? உறையக் கழட்டிக் காட்டுங்க."

ஒருவரும் கழற்றவில்லை.

"கையப் பாக்காதீங்க, துணியப் பாருங்க," என்றார் சின்னம்மா. "கறை இருந்தா நாங்களே போயிக்கறோம்."

"ஆர்டர் குடுத்த பையர் கேட்டா நான் என்ன சொல்றதுங்க?"

கணக்கிலிருந்து எடுத்த பிறகும் கைகளைப் பரிசோதிக்க வந்திருந்த டாக்டரம்மா குறுக்கிட்டார். "இது ஒட்டுவாரொட்டி இல்லைன்னு சொல்லுங்க. உங்க திரவத்தால வந்ததுன்னும் சொல்லுங்க. நான் எழுதியே தர்றேன்." பிறகு பெண்கள் பக்கம் திரும்பி, திரவம் பட்டால் துணி உறை ஊறிக் கையை இன்னும் கெடுக்கும் என்றார். கறை எடுக்கும் இடத்தில் அதன் மேல் திரவம் புகாத உறையும் வேண்டும், புண் ஆறாதவர்கள் அந்த வேலைக்கே போகக் கூடாது என்று மேனேஜரிடம் வாங்கிய ஒப்புதலோடுதான் கிளம்பினார். போகும்போது வரிசையாக இருந்த வெள்ளைக் கைகளைப் பார்த்துச் சிரித்துவிட்டார். "யாருக்கு எதுன்னு தெரியக் கூடாதுன்னு நான் படாத பாடு பட்டேன். நீங்க ஒரே காலையில பண்ணிட்டீங்க."

அந்த ஆர்டர் முடியும் வரை சாத்தூர் அக்கா, கறை இருக்கிறதா என்று பார்ப்பதை மட்டும் செய்துகொண்டு, தன் இருக்கையிலேயே இருந்தார்.

'தொழிலாளர்கள் எலிகளா' என்ற தலைப்பில் அந்தச் செய்தியை எங்கள் நாளிதழில் கேட்டார்கள். நான் மறுத்தேன். அதைக் கேள்விப்பட்ட சின்னம்மா, "எலின்னு போட்டிருந்தீனா இந்த ஊட்டு வாசப்படி மிதிக்க விட்டிருக்க மாட்டேன்," என்றார். பல வருடங்கள் கழித்து ஒரு கூட்டத்தில், படிக்காதவர்களின் அறியாமை ஆராய்ச்சிகளை எப்படிக் கெடுக்கிறது என்பதற்கு உதாரணமாக யாரோ இந்த டப்பாக் கதையைச் சொன்னார். அரங்கம் சிரித்தது. நான் எழுந்து, அவர்கள் அறியாமல் செய்யவில்லை என்றேன். எந்தக் களிம்பு பலித்தது என்று தெரிந்த பிறகுதான் கலந்தார்கள். ஆராய்ச்சிக்கு அது கேடுதான், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் பக்கத்து இருக்கைக்காரி வேலை போய் நிற்பதைப் பார்த்துக்கொண்டு, தன் கை மட்டும் ஆறட்டும் என்று இருக்கத் தெரியாததை அறியாமை என்று சொல்ல யாருக்கும் நான் இடம் கொடுக்கமாட்டேன். அன்று அந்த ஷெட்டில் வளைந்துகொடுக்காதவர்கள் இரண்டு பேர். இருவரும் எதிரெதிராக நின்றார்கள். இருவர் பக்கமும்தான் நான்.

சின்னம்மா இப்போது வேலைக்குப் போவதில்லை. கறை எடுக்கும் திரவத்தை விட்டு விலகிய பிறகுதான் அவர் கை முழுதாக ஆறியது. புறங்கைத் தோல் மட்டும் இன்றும் மெல்லிசுதான். சாத்தூர் அக்காவைத் துணி மடிக்கும் பிரிவுக்கு மாற்றி நாளாகிறது. போன ஞாயிற்றுக்கிழமை சின்னம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். சாத்தூர் அக்காவும் வந்திருந்தார். காலை ஏழு ஐம்பதுக்குப் பழைய சோறும் மோரும் வைத்தார்கள். நடுவில் அதே எவர்சில்வர் டப்பா, மூடி திறந்திருந்தது. உள்ளே மாங்காய் ஊறுகாய். சாத்தூர் அக்கா விரலால் தொட்டு எடுத்தார்.